சோகமும் பதற்றமும் வரும்போது எண்ணத்தை மறுமதிப்பீடு செய்வது எப்படி?

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இரவு ஏழு மணிக்கு மேலாளரிடமிருந்து வாட்ஸ்அப் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "நாளைக்குக் காலையில என்னை வந்து பாருங்க." அவ்வளவுதான். அடுத்த நிமிடமே அவளுக்கு வயிறு கலங்குகிறது. வேலை போகப் போகிறது, கார் தவணை நிற்கும், அம்மாவிடம் என்ன சொல்வது என்று விடியும்வரை ஓடுகிறது. செய்தியில் இருந்தது ஐந்து சொல். மீதியெல்லாம் மனம் சேர்த்தது.

அந்தச் சேர்ப்பைத் தனியாகப் பிரித்து, நடந்ததற்கு இதைவிடச் சரியான பொருள் இருக்கிறதா என்று தேடுவதுதான் மறுமதிப்பீடு. 1960களில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சை முறையின் நடுநாயகமே இதுதான். உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998இல் இதையும் உணர்ச்சியை அடக்குவதையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார். இரண்டும் முகத்தில் ஒரே மாதிரி தெரியலாம். ஆனால் அடக்குகிறவருக்கு வெளியே மட்டும்தான் அமைதி. உள்ளே வேதனை குறைவதில்லை, உடலும் கூடுதலாகத் திணறுகிறது. "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்று நம் வீடுகளில் சொல்லிக் கொடுப்பது அடக்குவதை. இங்கே விளக்கப்போவது அது அல்ல.

ஒரு விதியை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய விளக்கம் இனிப்பாக இருக்க வேண்டியதில்லை, உங்களால் நம்ப முடிந்ததாக இருந்தால் போதும்.

எழுதும் முன் அளவு பாருங்கள்

இப்போது இருக்கும் உணர்வுக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் கொடுங்கள். 7க்கு மேல் என்றால் எண்ணத்தோடு வாதாட வேண்டாம். அந்த உச்சத்தில் நிதானமாக யோசிக்கும் திறன் குறைந்திருக்கும். எந்த விளக்கத்தைக் கொண்டுவந்தாலும் மனம் தட்டிவிடும், பிறகு "இந்த முறை எனக்குச் சரிவராது" என்ற முடிவு மட்டும் மிஞ்சும். பலர் இந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

முதலில் உடலைக் கவனியுங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் இப்படிச் செய்யுங்கள். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம், நெஞ்சை நிரப்பி இழுப்பதல்ல. வேகமாக, ஆழமாக இழுத்தால் தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், பதற்றம் இன்னும் கூடும். எல்ஆர்டி ரயிலில் போகும்போது பதற்றம் பிடித்துக்கொண்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி, ஒரு ரயிலை விட்டுவிட்டுச் செய்யுங்கள். முகத்தில் குளிர்ந்த நீர் அடிப்பதும், பத்து நிமிடம் வேகமாக நடப்பதும் உதவும். எண் 6க்குக் கீழே வந்ததும் எழுத உட்காரலாம்.

ஐந்து வரி

போனிலும் எழுதலாம். தாளில் எழுதினால் இடையில் எந்த அறிவிப்பும் வந்து இழுக்காது.

1. நடந்தது. சிசிடிவியில் பதிவாகக்கூடியது மட்டும். "மேலாளர் கோபமாகச் செய்தி அனுப்பினார்" என்பது தப்பு. கோபம் செய்தியில் இல்லை.

2. மனம் சொன்னது. ஒரே வாக்கியம், பக்கத்தில் அதை எத்தனை விழுக்காடு நம்புகிறீர்கள் என்ற எண். கேள்வியாக எழுதக் கூடாது. "ஏன் கூப்பிட்டார்?" என்பதைச் சோதித்துப் பார்க்க முடியாது. அந்தக் கேள்விக்கு உங்கள் மனம் பயந்துகொண்டே சொல்லும் பதிலை எழுதுங்கள்: "என்னை வேலையை விட்டு அனுப்பப் போகிறார், 80."

3. உணர்வின் பெயரும் எண்ணும். "டென்ஷன்", "மனசு சரியில்ல" போதாது. பயமா, அவமானமா, சோகமா, கோபமா? பெயர் மாறினால் அடுத்த வரியில் தேட வேண்டியதும் மாறும்.

4. வேறு விளக்கம். குறைந்தது மூன்று எழுதி, அதில் அதிகம் நம்ப முடிகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

5. மறுபடி எண்கள். எண்ணத்தை இப்போது எத்தனை விழுக்காடு நம்புகிறீர்கள், உணர்வு எத்தனை. உணர்வின் எண் இரண்டு மூன்று புள்ளி இறங்கினாலே வேலை நடந்திருக்கிறது. பூஜ்யத்தை எதிர்பார்க்காதீர்கள்.

நான்காவது வரியில்தான் எல்லாருக்கும் பேனா நிற்கும். பதற்றத்துக்கும் சோகத்துக்கும் வழி வேறு வேறு என்பதால் தனித்தனியாகப் பார்ப்போம்.

பதற்றத்துக்கு

பதற்றம் இன்னும் நடக்காததைப் பற்றியது. மூன்று இடத்தில் கணக்கு பிசகும்: நடக்கும் வாய்ப்பைக் கூட்டிப் போடுகிறோம், நடந்தால் வரும் கேட்டைக் கூட்டிப் போடுகிறோம், நம் சமாளிக்கும் திறனைக் குறைத்துப் போடுகிறோம்.

வாய்ப்பு: மேலாளர் இதற்கு முன் உங்களைக் கூப்பிட்டபோதெல்லாம் என்ன பேசினார்? ஷிஃப்ட் மாற்றம், லீவு, புதிதாக வந்தவருக்குப் பயிற்சி. கேடு: வேலை போனால் எந்த மாதம் எது நிற்கும் என்று வெள்ளிக் (ரிங்கிட்) கணக்கில் எழுதுங்கள். "எல்லாம் போச்சு" என்பதைவிட ஒரு தொகை சிறியதாகவே இருக்கும். சமாளிப்பு: இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், பலன் அதிகம் இருப்பதும் இதில்தான். ஆட்குறைப்பில் வேலை இழந்தால் பெர்கெசோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018 முதல் இருக்கிறது, வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகை கிடைக்கும். பழைய மேற்பார்வையாளரின் எண் போனில் இருக்கிறது. இப்படி உண்மையான பெயர், எண், தொகை வந்தால்தான் மனம் நம்பும். "நான் தைரியசாலி" என்றால் நம்பாது.

நேர்முகத் தேர்வு, வகுப்பில் பேசுவது போன்ற சமயங்களில் வேறு ஒன்று உதவும். படபடப்பை அமைதியாக்க முயலாமல் அதன் பொருளை மாற்றுங்கள். இதயம் வேகமாக அடிப்பது பயத்திலும் உற்சாகத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேடைக்கு முன் "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். "உடம்பு தயாராகுது" என்று உங்கள் வாய்க்கு வரும் மொழியிலேயே சொல்லிக்கொள்ளுங்கள்.

சோகத்துக்கு

சோகத்தில் இழப்பு ஏற்கெனவே நடந்துவிட்டது. அதை மறுக்க முயன்றால் தோல்விதான். பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை. சோதிக்க வேண்டியது அதன்மேல் மனம் எழுதிய தீர்ப்பை: "நான் எதுக்கும் லாயக்கில்ல."

அந்தத் தீர்ப்பில் மூன்று சொற்கள் ஒளிந்திருக்கின்றனவா என்று பாருங்கள்: எப்போதும், எல்லாமே, என்னால்தான். முதல் இரண்டுக்கும் எதிர்ச்சான்று ஒன்று போதும். மூன்றாவதுக்கு ஒரு வட்டம் வரைந்து 100 விழுக்காட்டைப் பங்கிடுங்கள். இட ஒதுக்கீடு, அந்த ஆண்டின் போட்டி, பாடத்தேர்வு, வீட்டுச் சூழல், இவற்றுக்கெல்லாம் முதலில் கொடுத்துவிட்டு உங்கள் பங்கைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் உங்கள் பங்கை எழுதினால் 90 என்று போட்டுவிடுவீர்கள், மற்றதற்கு இடமிருக்காது. கடைசியில் மிஞ்சுவது 20 என்றால் அந்த 20 உண்மை, அதை மறைக்க வேண்டாம். அதை வைத்து எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு), பாலிடெக்னிக் என்று அடுத்த அடி யோசிக்கலாம்.

இதற்கும் அசையாவிட்டால் தூரம் கொண்டுவாருங்கள். உங்கள் பெயரைச் சொல்லி உங்களையே கூப்பிட்டு எழுதுங்கள்: "கவிதா, உனக்கு இப்ப எது வலிக்குது?" 'நான்' என்று எழுதுவதைவிட இப்படி எழுதும்போது பிரச்சினையைச் சற்றே வெளியிலிருந்து பார்க்க முடிகிறது என்று உளவியலாளர் ஈதன் கிராஸ் (மேலே வந்த ஜேம்ஸ் கிராஸ் வேறு) குழுவின் ஆய்வுகள் காட்டின. ஒரு வருடம் கழித்து இதே நாள் எப்படித் தெரியும் என்று கேட்பதும் இதே வகை.

நெருங்கியவர் இறந்த துக்கத்துக்கு இதையெல்லாம் செய்ய வேண்டாம். அழ வேண்டிய நேரத்தில் அழுவதில் திருத்த எதுவும் இல்லை.

எங்கே தவறுகிறது

"எல்லாம் நன்மைக்கே" என்று நான்காவது வரியில் எழுதிவிட்டு, ஐந்தாவது வரியில் எண் அசையவில்லையே என்பவர்கள் அதிகம். நீங்களே 40 விழுக்காடுகூட நம்பாத வாக்கியத்தை அடித்துவிட்டு, அதைவிடச் சிறிய, சாதாரணமான ஒன்றை எழுதுங்கள். "இன்னும் காரணம் தெரியாது, காலையில தெரியும்" என்பதே பல நாள் போதும்.

ஒரே எண்ணத்தை நாளுக்கு நான்கு முறை எழுதினால் அது உழல்வதாக மாறிவிடும். 15 நிமிடம், ஒரு எண்ணத்துக்கு நாளுக்கு ஒரு முறை. படுக்கையில் செய்ய வேண்டாம். முதல் இரண்டு வரியை மட்டும் குறித்துவிட்டு மீதியைக் காலைக்கு வையுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, மாற்ற வேண்டிய நிலைமையைப் பொறுத்துப்போக இதைப் பயன்படுத்துவது. உளவியலாளர் அலிசன் டிராய் குழு 2013இல் கண்டது இதைத்தான்: கைமீறிய துன்பத்தில் மறுமதிப்பீட்டில் வல்லவர்களுக்கு மனச்சோர்வு குறைவு, நம்மால் மாற்றக்கூடிய துன்பத்திலோ அதே திறன் கெடுதலாகவும் போகலாம். கோலாலம்பூரில் வாடகை அறை கேட்டுப் போனால் "இந்தியர்களுக்கு இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். அங்கே "என்கிட்ட ஏதோ குறை" என்ற எண்ணத்தைத் தாராளமாகத் திருத்துங்கள். "அவங்களுக்கும் காரணம் இருக்கும்" என்று அநியாயத்தை நியாயமாக்கத் தேவையில்லை. கோபத்துக்கு அங்கே வேலை இருக்கிறது. ஓவர்டைம் பணம் தராத முதலாளி, கை நீட்டும் காதலன் என்றால் தாளை மூடிவைத்துவிட்டு உதவி தேடுங்கள்.

பெரியவர்களுக்கு ஒன்று: தம்பி தங்கைக்கு நீங்களே விளக்கத்தை மாற்றிக் கொடுக்காதீர்கள். "அதை ஏன் அப்படி நினைக்கிற?" என்று அக்கா ஆரம்பித்தால் தம்பி கேட்பது "உன் வலி பொய்" என்பதை மட்டும்தான். முதலில் முழுதாகக் கேளுங்கள்.

பழகுவதற்கு 3, 4 அளவு விஷயங்களை எடுங்கள். நீல டிக் விழுந்தும் பதில் வராத செய்தி, தீபாவளி விருந்தில் "எப்ப கல்யாணம்?" என்ற கேள்வி. நாளுக்கு ஒன்று, இரண்டு வாரம். 9 அளவு துயரத்தில் முதல்முறையாக முயல்வது கடினம்.

இது போதாது என்பதற்கு அடையாளம்

இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய நாள் முழுக்கச் சோகம், பிடித்ததில் நாட்டமின்மை, தூக்கமோ பசியோ கெடுவது, வகுப்புக்கோ வேலைக்கோ போக முடியாமல் போவது. இவை இருந்தால் தனியாக எழுதிக்கொண்டிருக்காமல் பல்கலைக்கழக ஆலோசகரையோ அருகிலுள்ள அரசு சுகாதார கிளினிக்கையோ பாருங்கள். கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அதை மறுமதிப்பீடு செய்ய உட்காராதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், மனத்துயரைக் காதுகொடுத்துக் கேட்கும் அமைப்பான பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூரை 03-7627 2929 எண்ணில் எந்த நேரத்திலும் அழையுங்கள், உடனடி ஆபத்து என்றால் 999. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்கப் போகும்போது எழுதிய தாள்களில் இரண்டு மூன்றை எடுத்துப் போங்கள். "எப்போதிலிருந்து, எவ்வளவு?" என்று அவர் கேட்கும் கேள்விக்குப் பாதிப் பதில் தேதியோடும் எண்ணோடும் அதில் இருக்கும்.