தெருவைக் காக்கக் கிளம்பும்போது செய்யக்கூடாதவை

எங்கள் திருவல்லிக்கேணிச் சந்தில் ஒரே வாரத்தில் இரண்டு பைக்குகள் திருடு போயின. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு மொட்டைமாடியில் கூடி, வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் போட்டு நான்கு கேமரா வாங்கினோம். அதோடு கடமை முடிந்தது என்று நினைத்தோம். மூன்றாவது பைக்கும் போனபோது பதிவைத் தேடிப் பார்த்தால், ஒரு கேமராவை வேப்பங்கிளை முழுசாக மறைத்திருந்தது. இன்னொன்றில் தேதியே தப்பு. மீதி இரண்டின் வயரை எலி கடித்து எத்தனை நாளாயிற்றோ, யாருக்கும் தெரியவில்லை.

ஏ.கே. விஸ்வநாதன் சென்னை காவல் ஆணையராக இருந்தபோது 'மூன்றாவது கண்' என்ற பெயரில் தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொன்னார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வாங்கும் அன்றே, வாரம் ஒருமுறை அதைப் பார்க்கப் போவது யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்துவிட வேண்டும். பழைய பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும் என்பதால், சம்பவம் நடந்த உடனேயே வேண்டியதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தவறு அந்த மாடிக் கூட்டமே. வந்தவர்கள் அத்தனை பேரும் வீட்டு உரிமையாளர்கள். வாடகைக்கு இருப்பவர்களையோ, மேன்ஷன் எனப்படும் வாடகை விடுதி அறைகளில் தங்கியிருக்கும் பையன்களையோ ஒருவரும் கூப்பிடவில்லை. இரவு ஒரு மணிக்கு வேலை முடிந்து சந்துக்குள் நடந்து வருகிறவர்கள் அந்தப் பையன்கள்தான். எந்த விளக்கு எரியவில்லை, எந்த முனையில் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். நாங்களோ அவர்களைச் சந்தேகப்பட்டியலில் வைத்திருந்தோம்.

அதே கூட்டத்தில், சந்து முனை இஸ்திரி வண்டியையும் பூக்கடையையும் எடுக்கச் சொல்ல வேண்டும் என்று ஒருவர் பேசினார். நல்லவேளை, அது நடக்கவில்லை. காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது வரை இஸ்திரி போடும் அண்ணன் அங்கேயே நிற்கிறார். எந்த வீட்டுப் பாட்டி தனியாக இருக்கிறார், எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு டியூஷன் முடிந்து வரும் என்று சொல்வார். அவரை விரட்டிவிட்டு எத்தனை கேமரா வைத்தாலும் ஈடாகாது.

வாட்ஸ்ஆப் குழு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வதந்தி தமிழ்நாடு முழுக்கப் பரவியிருந்தது. சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்துக் குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பிய 65 வயது அம்மா ஒருவர், போளூர் அருகே வழியில் பார்த்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதற்காக அவரை அடித்தே கொன்றார்கள். முன்பின் தெரியாதவர் படத்தைப் போட்டு 'உஷார்' என்று எழுதுமுன் அந்த அம்மாவை நினையுங்கள். சந்தேகம் வந்தால் 112-ஐ அழையுங்கள். படத்தைக் குழுவில் போடாதீர்கள்.

கையும் களவுமாகப் பிடித்தாலும் அடிக்கக்கூடாது. கடுமையான குற்றம் கண்ணெதிரே நடந்தால் பொதுமக்களே பிடிக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கட்டிவைத்து அடித்தால் அடித்தவர் மேல் வழக்கு வரும்.

போலீஸ் வேலையை நாமே செய்யத் துடிப்பதும் ஆபத்து. 1993-இல் ராமநாதபுரத்தில் பிரதீப் வி. பிலிப் தொடங்கிய 'போலீஸ் நண்பர்கள்' அமைப்பு, மக்களுக்கும் காவல்துறைக்கும் பாலமாக இருக்க வேண்டும் என்றுதான் தொடங்கியது. சாத்தான்குளம் காவல் மரணங்களில் அதன் தன்னார்வலர்கள் மேலும் புகார் எழ, 2020 ஜூலையில் தமிழக அரசு அதைத் தடை செய்தது. லத்தியும் விசாரணையும் நம் வேலை இல்லை.

அப்புறம், சின்னத் திருட்டு என்று புகார் கொடுக்காமல் விடாதீர்கள். எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். தெருவிளக்கு எரியாவிட்டால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்து மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லுங்கள். எங்கள் சந்தின் கடைசிக் கம்பத்துக்காக நான்கு முறை சொல்ல வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் கூட்டம் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில், இரவு எட்டரை மணிக்கு. போன மாதம் மேன்ஷன் பையன்கள் ஆறு பேர் வந்தார்கள். வேப்பங்கிளையை வெட்டியது அவர்கள்தான்.