பழவேற்காட்டில் ஒரு நாள், படகு ஏறாமல்

சென்னைக்கு வடக்கே, கடலை ஒட்டிய உப்பேரிக் கரையில் இருக்கிற ஊர் பழவேற்காடு. ‘அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை’ என்று சொல்கிறவர்களிடம் எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதினொரு மணிக்கு மேல் போய் இறங்கியவர்களாக இருப்பார்கள். அதற்குள் மீன் ஏலம் முடிந்திருக்கும். பறவைகள் கானலுக்குள் வெள்ளைப் புள்ளிகளாகிவிடும். ஏரிக்கரையில் ஒதுங்க நிழலும் கிடையாது. வேறு வேலை இல்லாததால் ‘போட்டு வேணுமா சார்’ என்று கூப்பிடுகிறவர் பின்னால் போவார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது.

படகு விஷயத்தை முதலிலேயே முடித்துவிடலாம். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் உல்லாசப் படகு சவாரிக்குத் தடை வந்தது. தடைக்குப் பின்னும் கூப்பிடுகிறவர்கள் உண்டு. ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான், விழுந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தானே என்று தோன்றும். ஆனால் படகு போவது ஆழமான ஓடை வழியாக. ஏரி கடலோடு சேர்கிற வாயான முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அந்த ஓடையில் இழுப்பு பலமாக இருக்கும். கடல் இறங்கி ஏரித் தண்ணீர் வெளியே ஓடும் வற்ற நேரத்தில் கடல் அலை எதிரே வந்து மோதினால் அந்த இடத்தில் தண்ணீர் எழும்பிக் குதிக்கும். மீன்பிடிப் படகு வலைக்கும் நாலைந்து பேருக்கும் செய்தது. அதில் உயிர்காப்பு உடை இல்லாமல் பதினைந்து பேர் ஏறி, போட்டோவுக்காக எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் கவிழ ஒரு அலை போதும். படகு ஏறியே ஆகவேண்டும் என்றால் முட்டுக்காடு இருக்கிறது, பிச்சாவரம் இருக்கிறது. இரண்டிலும் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் உண்டு. பழவேற்காடு கரையில் நின்று பார்க்கிற ஊர்.

எந்த மாதம் போவது? ஜனவரி, பிப்ரவரிக்கு ஈடு கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் கொண்டுவந்த நீரால் ஏரி நிறைந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, வலசைப் பறவைகளும் கிளம்பியிருக்காது. நவம்பர், டிசம்பரில் புயல் எச்சரிக்கை பார்த்துப் போகவேண்டும். ஏப்ரல் முதல் தண்ணீர் சுருங்கி உப்பேறும். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து வாய் குறுகிவிட்டால் கடல்நீர் உள்ளே வர வழியில்லாமல், சில கோடைகளில் ஏரித் தண்ணீர் கடலைவிடக் கரிக்கும். கூடவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஏரி மீனுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் சென்னை வியாபாரிகளின் கண் முழுக்க ஏரி மீன் மேல் விழுவதால் விலை ஏறிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமையை எந்த மாதத்திலும் தவிர்த்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் பிடித்து பொன்னேரியில் இறங்குங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அங்கிருந்து பழவேற்காட்டுக்கு 18 கிலோமீட்டர், பஸ் உண்டு, ஷேர் ஆட்டோவும் உண்டு. வண்டியில் வருகிறவர்கள் செங்குன்றம் தாண்டி தச்சூர் கூட்டுச்சாலையில் வலது பக்கம் திரும்பிப் பொன்னேரி வழியாக வரலாம். காலை ஏழு மணிக்குப் பழவேற்காட்டில் கால் வைக்கிற மாதிரி புறப்படுங்கள். கழிப்பறை வேலையைப் பொன்னேரியிலேயே முடித்துக்கொள்ளுங்கள், குறிப்பாகப் பெண்கள். ஏரிக்கரையில் அந்த வசதியை நம்ப முடியாது. இறங்கும்போதே கண்டக்டரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கம், பின்பட்டை வைத்த ரப்பர் செருப்பு அல்லது பழைய கேன்வாஸ் ஷூ. சாதாரண ஹவாய்ச் செருப்பு சேற்றில் முதல் பத்தடியிலேயே அறுந்துவிடும். வெறுங்காலோடு இறங்கவே கூடாது. சேற்றுக்கடியில் சிப்பி ஓடுகள் பிளேடு மாதிரி நிற்கும். தண்ணீருக்குள் வெட்டு விழுந்தது உடனே தெரியாமல் போகலாம், கரையேறியபின்தான் ரத்தம் கண்ணில் படும். அப்படி வெட்டினால் உடனே குடிநீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். மறுநாள் வீங்கிச் சிவந்தால் ‘கழிமுகத்துச் சேற்றில் வெட்டியது’ என்று டாக்டரிடம் சொல்லிக் காட்டுங்கள், வெறும் காயம் என்று சொல்லாதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற நீண்ட தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் ஊர் மீனவர்களுக்கே கடலில் கட்டுப்பாடு உண்டு.

இறங்கியதும் நேரே மீன் இறங்குதுறைக்குப் போங்கள். இரவு ஏரியில் வலை போட்டவர்களும் விடியலுக்கு முன் கடலுக்குப் போனவர்களும் திரும்புகிற நேரம் அது. இறால், நண்டு, மடவை, கொடுவா, கெளுத்தி எல்லாம் கூறு கூறாகக் கொட்டி ஏலம் போகும். ஏலம் நடக்கும்போது ஓரமாக நில்லுங்கள். கூறைத் தொடாதீர்கள். உலர்த்தியிருக்கிற வலையையும் காய்கிற கருவாட்டையும் தாண்டாமல் சுற்றிப் போங்கள். கழுத்தளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிற பெண்களைப் பார்ப்பீர்கள், பலர் இருளர்கள். ‘ஒரு போட்டோ எடுத்துக்கலாமா அக்கா’ என்று கேட்டு, தலையாட்டினால் மட்டும் எடுங்கள்.

தண்ணீரில் வரிசையாகக் கம்பு நட்டிருப்பதும் கண்ணில் படும். அதற்குப் பின்னால் ‘பாடு’ என்ற பழைய ஏற்பாடு இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல மீன்பிடி இடங்களில் எந்த ஊர், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். அந்தக் கம்பில் கை வைப்பதும் அதன் பக்கத்தில் தண்ணீரைக் கலக்குவதும் ஒருவருடைய அன்றையக் கூலியில் கை வைப்பதற்குச் சமம்.

துறையில் நிற்கும்போதே தண்ணீர் ஏறுகிற ஏற்றமா, இறங்குகிற வற்றமா என்று தெரிந்துகொள்ளுங்கள். சென்னைத் துறைமுகத்துக்குப் போட்ட ஓத (ஏற்ற, வற்ற) அட்டவணை இங்கே அப்படியே பொருந்தாது. வாய் குறுகலாக இருப்பதால் ஏரிக்குள் ஓதம் தாமதமாக வரும், உயரமும் குறையும். தண்ணீரின் விளிம்பில் சரியாக ஒரு ஈர்க்குச்சியைக் குத்திவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். கால் மணி நேரத்தில் குச்சி தண்ணீருக்குள் போயிருந்தால் ஏற்றம், ஈரச் சேற்றில் தனியாக நின்றால் வற்றம். தண்ணீர் வற்றினால் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியும், உள்ளானும் கொக்கும் கரைக்குக் கிட்டே இறங்கும். பறவை பார்க்க வற்றம்தான் நல்லது. ஆனால் அந்தத் திட்டில் நடந்து உள்ளே போகத் தோன்றும், போகாதீர்கள். கணுக்கால் வரை புதைந்தால் திரும்பிவிட வேண்டும். முழங்கால் வரை போய்விட்டால் காலை நேராக இழுக்கக் கூடாது. கீழே காற்றுப் புகாததால் சேறு உறிஞ்சிப் பிடிக்கும். பின்பக்கமாக உட்கார்ந்து, உடம்பின் பாரத்தைப் பரப்பி, காலை மெல்ல ஆட்டி ஆட்டித் தண்ணீர் உள்ளே இறங்கவிட்டு எடுக்கவேண்டும்.

ஆழமில்லாத இடத்தில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலில் படுத்திருக்கிற திருக்கை அதிர்வு கேட்டு விலகிவிடும், மிதித்தால்தான் வாலை வீசும். திருக்கை முள்ளோ கெளுத்தி முள்ளோ குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காலை வைத்திருங்கள். சூடு பட்டால் அந்த விஷத்தின் வேகம் குறையும். டீக்கடையில் கேட்டால் வெந்நீர் கிடைக்கும். கொதிநீர் ஊற்றிப் பொத்துக்கொள்ளாமல், குத்துப்படாத கையை முதலில் விட்டுச் சூடு பாருங்கள். முள் ஆழமாக ஒடிந்திருந்தால் நீங்களே பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எட்டு மணிக்குள் பாலத்துக்கு வந்துவிடுங்கள். ஊரையும் லைட் ஹவுஸ் குப்பத்தையும் இணைக்கிற பாலம் இது. ஏரியை உயரத்திலிருந்து பார்க்க இதைவிட நல்ல இடம் இங்கே கிடையாது. 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும்) தொலைநோக்கி போதும். கூழைக்கடா, நீர்க்காகம், ஆலா, சில நாள் தூரத்தில் பூநாரைக் கூட்டம். பூநாரைக்காகவே வருகிறீர்கள் என்றால் ஏமாந்துபோகலாம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, கூட்டமும் பெரும்பாலும் அங்கேதான். அதே ரயில் பாதையில் மேலே போய் சூலூர்பேட்டையில் இறங்கி, ஸ்ரீஹரிகோட்டா சாலையோரம் தேடுவது மேல். இங்கே பூநாரை கிடைத்தால் அன்றைய அதிர்ஷ்டம்.

பாலம் தாண்டினால் குப்பம், கலங்கரை விளக்கம், அப்புறம் கடல். கரையோரமாக வடக்கே நடந்தால் முகத்துவாரப் பக்கம் போய்ச் சேரும். பார்க்கலாம், குளிக்கக் கூடாது. அந்த வாயில் நீச்சல் தெரிந்தவரையும் வற்றம் வெளியே இழுத்துக்கொண்டு போகும். மணல் விளிம்பு அடியில் அரித்திருப்பதால் நுனியில் நின்றால் காலோடு சரியும். பத்தடி உள்ளே தள்ளி நில்லுங்கள்.

வெயில் ஏறியபின் ஊருக்குள் திரும்புங்கள். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கட்டிய கெல்ட்ரியா கோட்டைதான் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக இருந்தது. 1690-இல் அது நாகப்பட்டினத்துக்கு மாறியது. கோட்டை இருந்த இடத்தில் இன்று அகழியும் முட்புதரும்தான் மிச்சம். அதைத் தேடி அலையவேண்டாம். டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், தொல்லியல் துறைப் பராமரிப்பில் இருக்கிறது. வாசலில் இரு பக்கமும் நிற்கிற எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பார்க்காமல் உள்ளே போய்விடுகிறவர்கள் உண்டு. கல்லறைப் பலகைகளின் எழுத்து வெட்டு காலை, மாலைச் சாய்வெயிலில்தான் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் கல் வெறும் வெளுப்பாக இருக்கும். அப்போது வாட்டர் பாட்டிலைச் சாய்த்து ஊற்றிப் படிக்கப் பார்க்காதீர்கள், பலகைக்குப் பக்கவாட்டில் செல்போன் வெளிச்சத்தைத் தாழ்வாகப் பிடித்தால் போதும். ஊரில் முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள், வாங்கிக்கொள்ளலாம்.

நண்டு வாங்காமல் யாரும் திரும்புவதில்லை, அதிலும் களி நண்டு. ஓடு பளபளவென்று புதுசாக இருப்பதை எடுக்காதீர்கள். அண்மையில் சட்டை உரித்த நண்டு அது, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். மங்கி, கீறலும் பாசியுமாக இருக்கிற ஓடுதான் சதைப்பிடிப்பானது. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கவேண்டும். திருப்பிப் போட்டு, கால்கள் உடம்போடு சேரும் இடத்து ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே அமுங்கினால் விட்டுவிடுங்கள். வயிற்று மடல் கூராக இருந்தால் ஆண், கொடுக்குச் சதை அதிகம். அகலமாக வட்டமாக இருந்தால் பெண். மடலுக்கு வெளியே முட்டை தொங்குகிற நண்டை வாங்காதீர்கள், அடுத்த வருஷத்து ஏரி அதில் இருக்கிறது.

கொடுக்கு இரண்டையும் கயிறு போட்டுக் கட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவர வாளித் தண்ணீர் கூடாது, அசையாத தண்ணீரில் காற்றில்லாமல் நண்டு மூச்சு முட்டிச் செத்துவிடும். ஏரித் தண்ணீரில் நனைத்த சாக்கைச் சுற்றி, ஓட்டை போட்ட பெட்டியில் நிழலில் வையுங்கள். ஐஸ் மேலே படக்கூடாது. இறாலுக்கு இது நேர்மாறு: எடைக்கு எடை ஐஸ் போட்டு, தெர்மகோல் பெட்டியில் ஐஸ், இறால், ஐஸ் என்று அடுக்கி, இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் கட்டுங்கள். ரயிலில் பக்கத்து ஆளின் செருப்பு மேல் மீன்தண்ணீர் சொட்டினால் பொன்னேரியிலிருந்து சென்ட்ரல் வரை பேச்சு வாங்க வேண்டும். வீட்டில் பிரிக்கும்போது தட்டினால் காலை அசைக்காத நண்டு இருந்தால், எத்தனை ரூபாய் கொடுத்திருந்தாலும் குழம்பில் போடாதீர்கள்.