இன்போர்டு ஸ்கீ படகு: ஆயில் விஷயத்தில் நடக்கும் தவறுகள்

நீர்ச்சறுக்கு ஆடுபவரைக் கயிற்றில் இழுக்கும் ஸ்கீ படகில் என்ஜின் உள்ளேயே (இன்போர்டு) இருக்கும். படகின் நடுவே இருக்கும் அந்த என்ஜின் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு வி8, அதாவது எட்டு சிலிண்டர் என்ஜின் தெரியும். பழைய படகுகள் பலவற்றில் அது 5.7 லிட்டர் ஜெனரல் மோட்டார்ஸ் என்ஜினாகவோ 5.8 லிட்டர் ஃபோர்டு என்ஜினாகவோ இருக்கும். காருக்கும் லாரிக்கும் வார்த்த அதே இரும்புதான். "கார் என்ஜின்தானே, கார் ஆயில் போதாதா?" என்ற நினைப்பு இங்கேதான் பிறக்கிறது. அது தவறு.

இரும்பு ஒன்றானாலும் பிழைப்பு வேறு. கார் சரிவில் தானே உருளும். சமதளத்தில் ஓட்டம் பிடித்தபின் என்ஜினுக்கு வேலை குறைந்துவிடும். படகுக்கு அந்தச் சலுகை இல்லை. விசையைத் தளர்த்திய கணமே தண்ணீர் பிடித்து நிறுத்திவிடும். ஒருவரைக் கயிற்றில் இழுக்கும் நேரமெல்லாம், மூட்டையேற்றிய வண்டி இறக்கமே இல்லாத மலைப்பாதையில் ஏறுவதுபோல் என்ஜின் உழைக்கிறது. அதே சமயம் ஏரி நீரை நேரடியாக உறிஞ்சிக் குளிரும் என்ஜினில், சூட்டைப் பார்த்துக் குளிர்நீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் 60 முதல் 70 டிகிரி செல்சியஸிலேயே திறந்துவிடும். ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் காரில்போல எளிதில் ஆவியாவதில்லை. அப்புறம் படகு வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. ஆகவே இங்கே ஆயிலுக்கு இரண்டு குணங்கள் வேண்டும்: சுமையில் மெலிந்துபோகாமை, சும்மா கிடக்கும்போது துருவைத் தடுப்பது.

மைலேஜுக்காகத் தயாரிக்கும் மெல்லிய கார் ஆயில்களில், புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காகப் பாஸ்பரஸ் அளவுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதனால் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மமும் குறைகிறது. உருளாமல் உரசி நகரும் தட்டை டேப்பெட் கொண்ட பழைய என்ஜின்களில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டுக்கு இது ஆகாது. புதிய என்ஜின்கள் சிலவற்றுக்கு மெல்லிய ஆயிலையே குறித்திருப்பார்கள். எனவே கெட்டியானதே சிறந்தது என்று முடிவுகட்டுவதும் பிழை. உங்கள் என்ஜின் கையேடு சொல்லும் பாகுத்தன்மை எண், அதாவது ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்தான் கடைசி வார்த்தை. அந்த எண்ணில், எஃப்சி-டபிள்யூ முத்திரையுள்ள ஆயில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். நான்கு ஸ்ட்ரோக் படகு என்ஜின்களுக்காக, துருச் சோதனையும் நடத்தித் தரப்படும் சான்று அது. பெயர் ஒத்திருக்கிறதே என்று டிசி-டபிள்யூ3 டப்பாவை எடுத்துவிடாதீர்கள். அது இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலோடு எரிந்துபோக வேண்டிய ஆயில்.

அடுத்தது அளவு. என்ஜின் சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும்; டிரெய்லரின் மூக்கும் உயர்ந்து நின்றால், ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் குச்சி பொய் சொல்லும். அதை நம்பிக் கூடுதலாக ஊற்றினால் அடியில் சுழலும் கிராங்க்ஷாஃப்ட் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையால் பேரிங்கைக் காக்க முடியாது. கையேடு சொல்வதில் அரை லிட்டர் குறைவாக ஊற்றி, சற்று ஓடவிட்டு, நிறுத்திச் சில நிமிடம் கழித்து, படகு சமமாக நிற்கையில் பார்த்து நிரப்புங்கள். டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்து நிறத்தையும் கவனியுங்கள். பால் கலந்த காபிபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயிலை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுவது தீர்வாகாது. காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை என்ஜினைத் தொடாதீர்கள்.

பொதுவாக என்ஜின் ஓடும் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது ஆயிலும் ஃபில்டரும் மாற வேண்டும். பலர் சீசன் தொடக்கத்தில் மாற்றுகிறார்கள். முடிவில் மாற்றுவதே சரி. பழைய ஆயிலில் ஊறிய அமிலத்தையும் ஈரத்தையும் மாதக்கணக்கில் பேரிங்மேல் உட்காரவைப்பது எதற்கு?

ஆயிலைத் தாண்டியும் சில தவறுகள் உண்டு. குளிர்நீர்ப் பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரை ஆண்டுதோறும் மாற்றுங்கள். நான் ஒருமுறை கழற்றிய இம்பெல்லரில் மூன்று இதழ்கள் இல்லை. புதியதைப் பொருத்தியதும் வேலை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. உடைந்த துண்டுகள் குழாய் வழியே போய், ஆயிலைத் தண்ணீரால் குளிர்விக்கும் கூலரில் அடைத்துக்கொள்ளும். அவற்றைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். தேடியபோது இரண்டு கூலரின் வாயிலும், ஒன்று தெர்மோஸ்டாட் கூட்டிலும் கிடந்தன.

கரையில் ஓட்டிப் பார்க்கும்போது தோட்டக் குழாயை என்ஜினின் குளிர்நீர்க் குழாயில் நேரே செருகி, என்ஜின் ஓடாமல் தண்ணீரைத் திறந்துவிடுவதும் ஆபத்து. தண்ணீர் புகைக்குழாய் வழியாகத் திரும்பி சிலிண்டருக்குள் ஏறலாம். வாளியில் தண்ணீரை நிரப்பிக்கொண்டே இருந்து, பம்ப் தனக்கு வேண்டியதை உறிஞ்ச விடுங்கள்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட தவறு: விலை குறைவு என்று கார் ஸ்டார்ட்டரையோ ஆல்டர்னேட்டரையோ மாட்டுவது. காரில் பெட்ரோல் ஆவி கீழே இறங்கிக் கலைந்துவிடும். படகின் அடித்தட்டில் அது தேங்கி நிற்கும். படகுக்கான பாகங்கள் தீப்பொறி அந்த ஆவியைப் பற்றவைக்காதபடி மூடப்பட்டவை. கார் பாகங்கள் அப்படியல்ல. சரியான பாகமே இருந்தாலும், என்ஜின் பெட்டியின் காற்றை வெளியேற்றும் புளோயர் விசிறியை நான்கு நிமிடம் ஓடவிட்டு, பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்து, பெட்ரோல் வாடை இல்லையென்றால் மட்டும் சாவியைத் திருப்புங்கள்.