பான் எண் ஒன்று, ஜிஎஸ்டி எண் இரண்டு: செயல்சார்பைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரள எல்லையிலுள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரே வியாபாரிக்குப் பொள்ளாச்சியில் ஒரு கடை, இங்கே ஒரு கடை என்று இருப்பது புதிதல்ல. கொப்பரை வாங்கி விற்கும் அப்படிப்பட்டவருக்குப் பான் எண் ஒன்றுதான். ஜிஎஸ்டி எண்கள் இரண்டு: தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும், கேரளத்துக்கு 32 என்று தொடங்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, தரவுத்தள அட்டவணைகளில் பார்க்கும் செயல்சார்புக்கு (ஃபங்ஷனல் டிபென்டென்சி) வருவோம். ஒரு நெடுவரிசையின் மதிப்பு தெரிந்தால் இன்னொன்றின் மதிப்பு ஒன்றே ஒன்றுதான் என்றால் அது செயல்சார்பு. தீர்மானிக்கும் நெடுவரிசையை இடப்பக்கம் என்பார்கள், தீர்மானிக்கப்படுவதை வலப்பக்கம் என்பார்கள். ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்துகளில் மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை இருப்பது பான் எண். ஆகவே ஜிஎஸ்டி எண் பான் எண்ணைத் தீர்மானிக்கிறது. திருப்பிப் போட்டால் நிற்காது.

ஆனால் உங்கள் அட்டவணையில் இருப்பவர்கள் எல்லோருமே ஒரே ஒரு கடை வைத்திருப்பவர்கள் என்றால், திருப்பிப் போட்டதும் சோதனையில் தேறிவிடும். பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. தரவு ஒரு சார்பைப் பொய் என்று காட்டலாம். மெய் என்று காட்ட அதனால் முடியாது. பான் எண்ணை முதன்மைச் சாவியாக (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் நெடுவரிசையாக) வைத்துவிட்டால், அவர்களில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் கேரளத்தில் இரண்டாவது கடை திறக்கும் நாளில் அவருடைய கேரளப் பதிவுக்கு இடம் இருக்காது. விதியைத் தொழில் தெரிந்தவரிடம் கேளுங்கள், அப்புறம் தரவைப் பாருங்கள். ஒவ்வொரு மதிப்பும் ஒரே ஒரு முறை வரும் நெடுவரிசையை இடப்பக்கம் வைத்தால் எந்தச் சோதனையும் தேறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது ‘நல்’, அதாவது மதிப்பு இல்லாத காலி இடம். எஸ்க்யூஎல் மொழியில் இடப்பக்க மதிப்புவாரியாகக் குழுவாக்கும் ‘குரூப் பை’ போட்டு, வலப்பக்கத்தின் வெவ்வேறு மதிப்புகளை எண்ணும் ‘கவுண்ட் டிஸ்டிங்க்ட்’ ஒன்றுக்கு மேல் வருகிறதா என்று பார்ப்பதுதான் வழக்கம். இந்தக் கவுண்ட் நல்லை எண்ணாது. ஒரு வரிசையில் மாவட்டம் பாலக்காடு, இன்னொன்றில் காலி என்றால் விடை 1; குறை வெளியே தெரியாது. இடப்பக்கம் நல் இருந்தாலோ நேர் எதிர்: ஜிஎஸ்டி எண் இல்லாத விவசாயிகள் எல்லோரும் ஒரே குழுவில் விழுந்து, இல்லாத மீறலைக் காட்டுவார்கள். இரண்டையும் தனியாக எண்ணிவிடுங்கள்.

கடையும் ரசீது எண்ணும் சேர்ந்து வாடிக்கையாளரைத் தீர்மானிக்கின்றன என்பதால், ரசீது எண் மட்டும் போதும் என்று இடப்பக்கத்தைப் பிரிக்கக் கூடாது. வலப்பக்கத்தைப் பிரிக்கலாம். செயல்சார்புகளுக்கு ஆம்ஸ்ட்ராங் என்ற ஆய்வாளர் 1974இல் தந்த விதிகளிலிருந்து கிடைப்பது இவ்வளவே. ரசீது எண் ஏப்ரலில் மறுபடி 1இலிருந்து தொடங்கும் கடையென்றால் நிதியாண்டும் இடப்பக்கம் வர வேண்டும்.

ஊர்ப் பெயரில் மட்டும் அவசரப்படாதீர்கள். பாலக்காடு, பால்காட் என்று இரண்டு விதமாக எழுதியிருந்தால் அது எழுத்துக் குழப்பம், ஒன்றாக்கிவிடலாம். சித்தூர் என்ற பெயருக்குக் கேரளம், ஆந்திரம் என்று இரண்டு மாநிலங்கள் வந்தால் அது குழப்பமில்லை. இரண்டு சித்தூரும் உண்மையிலேயே இருக்கின்றன. ஊர் மாநிலத்தைத் தீர்மானிக்கவில்லை, அவ்வளவுதான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும் என்பதால், மீறிய வரிசைகளை முழுதாக வரவழைத்துக் கண்ணால் பார்த்த பிறகே திருத்துங்கள்.