உளவுத்துறை பற்றி எம்.ஏ. படிக்க நினைப்பவர்களுக்கு: விண்ணப்பத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி

லண்டனுக்கு எம்.ஏ. படிக்கப் போகிறேன், பாடம் உளவுத்துறை என்று சொன்னபோது என் பெரியம்மா, "உளவியலா? நல்லது, மனநல ஆலோசகர்களுக்கு இப்போது நல்ல கிராக்கி" என்றார். திருத்தியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "துப்பாக்கியெல்லாம் கொடுப்பார்களா?" என்று கேட்டார். கொடுப்பதில்லை. கொடுப்பது நீளமான வாசிப்புப் பட்டியல்.

இந்தப் படிப்பில் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: போதிய ஆதாரம் இல்லாத நிலையில் ஒரு முடிவுக்கு வருவது எப்படி, அந்த முடிவு தவறினால் எங்கே தவறியது என்று கண்டுபிடிப்பது எப்படி. அது உங்களுக்குப் பிடிக்குமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். அதற்குத்தான் இந்தச் செய்முறை.

முதல் படி: கனவைச் சரிபாருங்கள்

பிரிட்டனின் உளவு அமைப்புகளான எம்.ஐ.5, எம்.ஐ.6, ஜி.சி.எச்.கியூ. மூன்றும் பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர்களை மட்டுமே வேலைக்கு எடுக்கின்றன. இந்தியாவில் உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.யின் உதவி மத்தியப் புலனாய்வு அதிகாரித் தேர்வை எழுத ஏதேனும் ஒரு இளநிலைப் பட்டம் போதும். ஆக, உளவு அமைப்பில் சேர்வது மட்டும்தான் நோக்கம் என்றால் இந்தச் செலவு வீண். வங்கிகளின் பொருளாதாரத் தடைக் கண்காணிப்பு, கப்பல் காப்பீடு, சைபர் அச்சுறுத்தல் ஆய்வு, கொள்கை ஆய்வு நிறுவனங்கள், பத்திரிகை ஆகிய பக்கங்களில் வேலை தேடுபவர்களுக்கு இது பயன்படும்.

இரண்டாம் படி: ஒரு மதிப்பீட்டைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். 1962 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க உளவு அமைப்புகள் கியூபாவைப் பற்றி எழுதிய சிறப்பு மதிப்பீடு ரகசியம் நீக்கப்பட்டு இணையத்தில் கிடைக்கிறது. அச்செடுத்துக்கொள்ளுங்கள். சோவியத் யூனியன் கியூபாவில் அணு ஏவுகணைகளை வைக்காது, அது அவர்கள் இதுவரை நடந்துகொண்ட விதத்துக்குப் பொருந்தாது என்பதே அதன் சாரம். அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் எடுத்த படங்களில் ஏவுகணைத் தளங்கள் இருந்தன.

முடிவு தெரிந்துகொண்டு சிரிப்பது சுலபம். சிரிக்காமல் இரண்டு நிறப் பேனாக்களை எடுங்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்லும் வரிகளை நீலத்தால், ஊகித்துச் சொல்லும் வரிகளைச் சிவப்பால் அடிக்கோடிடுங்கள். சிவப்பு எங்கே கூடுகிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து, வாய்ப்பைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் ஒரு சதவீதம் எழுதுங்கள். நண்பர் ஒருவரையும் தனியாக எழுதச் சொல்லி ஒப்பிடுங்கள். இது விளையாட்டல்ல. 1951-இல் யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு நடக்குமா என்ற கேள்விக்கு அமெரிக்க மதிப்பீட்டாளர்கள் "கவனத்தில் கொள்ளவேண்டிய சாத்தியம்" என்ற பொருளில் எழுதினார்கள். அந்தப் பணியில் இருந்த ஷெர்மன் கென்ட் அதை 65-க்கு 35, அதாவது நடக்கும் வாய்ப்பு 65, நடக்காமல் போகும் வாய்ப்பு 35 என்று நினைத்திருந்தார். சக ஊழியர்களைக் கேட்டபோது ஒருவர் 80-க்கு 20 என்றார், மற்றொருவர் 20-க்கு 80 என்றார். எல்லோரும் ஒரே வாக்கியத்துக்கு ஒப்புதல் கொடுத்தவர்கள்தான்!

இனிமேல்தான் முக்கியமான வேலை. தாளில் மூன்று நெடுவரிசைகள் போட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஊகத்தை எழுதுங்கள்: கியூபாவைப் பாதுகாக்க மட்டும் ஆயுதம் வருகிறது; நீர்மூழ்கிக் கப்பல் தளம் வரப்போகிறது; அமெரிக்காவைத் தாக்கும் அணு ஏவுகணை வருகிறது. இடது ஓரத்தில் ஆதாரங்களை எழுதி, ஒவ்வொன்றும் எந்த ஊகத்துக்கு முரண்படுகிறது என்று மட்டும் குறியுங்கள். ஆதரவைத் தேடாதீர்கள், முரணைத் தேடுங்கள். சி.ஐ.ஏ.வில் பணியாற்றிய ரிச்சர்ட்ஸ் ஹூயர் வகுத்த முறை இது.

விமான எதிர்ப்பு ஏவுகணைத் தளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஊகங்களுக்கும் அவை பொருந்துகின்றன. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஆதாரம் எதையும் பிரித்துக் காட்டாது. ஆனால் சி.ஐ.ஏ. இயக்குநர் ஜான் மெக்கோன், பாதுகாக்கத்தக்க ஏதோ ஒன்று இல்லாமல் இவற்றை ஏன் கொண்டுவர வேண்டும் என்று கேட்டார். அப்போது அவர் தேனிலவுக்காக பிரான்ஸில் இருந்தார். அங்கிருந்தபடியே தந்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதுதான் சரி என்றானது. இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அவரிடமும் ஆதாரம் இல்லை, நல்ல கேள்வி மட்டுமே இருந்தது. இந்த இடத்தில் வகுப்பில் எங்களுக்குள் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது.

சோவியத் யூனியன் வெளிநாட்டில் அணு ஏவுகணை வைப்பதை "இதுவரை செய்ததில்லை" என்ற மதிப்பீட்டின் வாதத்தை எங்கே குறித்தீர்கள்? அது பார்த்த செய்தி அல்ல, எதிரியின் பழக்கம் பற்றிய நம்பிக்கை. அந்த நம்பிக்கையிலும் ஓட்டை இருந்தது: 1959-இல் சில மாதங்கள் கிழக்கு ஜெர்மனியில் சோவியத் அணு ஏவுகணைகள் இருந்தது பல ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. இல்லாத ஆதாரத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அந்த அக்டோபர் படங்களுக்கு முன்பு ஐந்து வாரங்களுக்கும் மேலாக மேற்குக் கியூபாவின் உட்பகுதியை யு-2 படமெடுக்கவே இல்லை. பார்க்காத இடத்தில் எதுவும் தெரியவில்லை என்பதை "எதுவும் இல்லை" என்று படிக்கக் கூடாது.

மாலைக்குள் அலுத்துவிட்டதா? நல்லது, லட்சக்கணக்கில் பணம் மிச்சம். இன்னொரு தாளை எடுக்கக் கை பரபரக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

மூன்றாம் படி: எங்கே சேர்வது

தரவரிசைப் பட்டியலை மூடிவையுங்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் போர் ஆய்வுத் துறையில் உளவும் பன்னாட்டுப் பாதுகாப்பும் சேர்ந்த எம்.ஏ. இருக்கிறது. வேல்ஸில் உள்ள அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகம் 1919-இல் உலகின் முதல் பன்னாட்டு அரசியல் துறையைத் தொடங்கிய இடம். எங்கே என்றாலும், பாடப்பட்டியலையும், ஆய்வேட்டை வழிநடத்தக்கூடிய ஆசிரியர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பிரிட்டனின் ஓராண்டு எம்.ஏ.வில் 180 கிரெடிட்டுகளில் ஆய்வேடு வழக்கமாக மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

நான்காம் படி: நோக்கக் கடிதம்

என் முதல் கடிதம், சிறுவயதிலிருந்தே நாட்டைக் காக்கும் ஆசை என்று தொடங்கியது. அனுப்பிய இடத்திலிருந்து இரண்டே வரியில் மறுப்பு வந்தது. அடுத்த கடிதத்தை ஒரு கேள்வியில் தொடங்கினேன். உங்களிடம் இப்போது ஞாயிற்றுக்கிழமைத் தாள் இருக்கிறது. அதில் உங்களைத் தூங்கவிடாத வரி எதுவோ, அதுவே முதல் பத்தி.

இந்திய உதாரணம் வேண்டும் என்றால் கார்கில் ஆய்வுக் குழுவின் அறிக்கையை அதே முறையில் பிரியுங்கள். குழுவின் தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அந்த அறிக்கையில் சில பகுதிகள் நீக்கப்பட்டிருக்கின்றன. நீக்கிய இடங்களையும் கணக்கில் சேர்த்துப் படிப்பது நல்ல பயிற்சி.

ஐந்தாம் படி: பணம்

பிரிட்டன் அரசு தரும் சீவ்னிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும், மூன்று படிப்புகளைக் குறிப்பிட வேண்டும், முடித்ததும் ஊர் திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறக்கும். சொந்தப் பணம் என்றால், விசாவுக்குக் காட்டும் தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். இருபதாம் நாள் அவசரத்துக்கு எடுத்துவிட்டு மறுநாள் போட்டாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

ஆறாம் படி: சேர்ந்த முதல் மாதம்

ஆய்வேட்டுத் தலைப்பை ஆவணம் இருக்கும் இடத்திலிருந்து தேர்ந்தெடுங்கள். இந்தியாவில் ஐ.பி., வெளிநாட்டு உளவைக் கவனிக்கும் ரா இரண்டும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி பெரும்பாலும் விலக்குப் பெற்றவை. அவற்றின் கோப்புகளை நம்பித் தலைப்பு வைத்தால் மூன்று மாதத்தில் சுவரில் முட்டுவீர்கள். லண்டனில் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எம்.ஐ.5-இன் பழைய கோப்புகள் ஏராளம். பிரிட்டிஷ் நூலகத்தில், லண்டனில் இருந்த இந்திய தேசியவாதிகளைக் கண்காணித்த அமைப்பின் கோப்புகள் இருக்கின்றன. லண்டனில் இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய, வ.வே.சு. ஐயர் பழகிய இந்தியா ஹவுஸ் விடுதியின் காலத்தில், 1909 வாக்கில், உருவான அமைப்பு அது.

கியூவில் வாசகர் சீட்டு இலவசம். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொண்டுபோங்கள். பேனாவை உள்ளே விட மாட்டார்கள், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.