வேலி கட்டி முடித்த பிறகு தொடங்கும் தவறுகள்

ஐரோப்பியர் 1788-இல் குடியேறிய பிறகு ஆஸ்திரேலியாவில் முப்பதுக்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள் அடியோடு அழிந்துவிட்டன. அவற்றுள் பெரும்பாலானவை எலிக்கும் சிறு நாய்க்கும் இடைப்பட்ட உருவம் கொண்டு தரையில் வாழ்ந்தவை. குடியேறியவர்கள் கொண்டுவந்த செந்நரிக்கும், வீட்டைவிட்டு வெளியேறிக் காட்டில் பெருகிய பூனைக்கும் எளிதில் இரையானவை. எஞ்சியவற்றைக் காக்க இன்று நாடெங்கும் வேலியிட்ட சரணாலயங்கள் இயங்குகின்றன. தெற்கு ஆஸ்திரேலியாவின் ராக்ஸ்பி டவுன்ஸ் ஊருக்கு அருகே, கொகதா பழங்குடி மக்களின் மண்ணில், ஒரு சுரங்க நிறுவனமும் மாநில அரசும் அடிலெய்டு பல்கலைக்கழகமும் உள்ளூர் மக்களும் சேர்ந்து 1997-இல் தொடங்கிய ‘ஆரிட் ரிகவரி’ அவற்றுள் ஒன்று. 123 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தப் பாலைநிலக் காப்பகம் தன் தோல்விகளையும் மறைக்காமல் ஆய்விதழ்களில் எழுதி வெளியிட்டிருக்கிறது. இத்தகைய சரணாலயத்தைத் தொடங்கவோ அதில் தொண்டாற்றவோ விரும்புவோர் எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை, வெற்றிக் கதைகளைவிட அந்தக் கட்டுரைகள் தெளிவாகச் சொல்கின்றன.

முதல் தவறு, வேலியை மதிலாக எண்ணுவது. உயரமும் உறுதியும் நரியைத் தடுத்துவிடும் என்று தோன்றும். ஆனால் விறைப்பாக நிற்கும் எதிலும் நரியும் பூனையும் கால் பதித்து ஏறிவிடும். ஆகவே ஏறத்தாழ 180 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கம்பி வலையை நிறுத்தி, அதன் மேற்பகுதியை வெளிப்புறமாக வளைத்துத் தொய்வாக விடுகிறார்கள். ஏறிவந்த விலங்கின் எடையில் அது ஆடி வளைவதால் பிடி கிடைப்பதில்லை. வேலியடியில் தோண்டி நுழைய முடியாதபடி வலையின் ஒரு பகுதியைத் தரையோடு தரையாக வெளிப்பக்கம் விரித்துப் பதிக்கிறார்கள். வடிவமைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், உப்பு கலந்த மண் கம்பியை அரிக்கும், கங்காரு மோதிக் கிழிக்கும், மழைவெள்ளம் ஓடைப்பகுதியில் அடிமண்ணை வாரிச் செல்லும். எனவே வேலி நெடுகச் சுற்றிப் பார்ப்பது என்றும் ஓயாத வேலை. புதிய வேலிக்கு நன்கொடை தர முன்வருவோர், பத்தாண்டு கழித்து அதே வேலிக்குத் துருப்பிடித்த கம்பியை மாற்றக் காசு கேட்டால் எளிதில் கிடைக்கமாட்டார்கள். பராமரிப்புச் செலவுக்கு வழி செய்யாமல் வேலி எழுப்பும் குழு தொடங்காமலே இருப்பது நல்லது என்பது என் கருத்து.

வேலிக்குள் பூனைகளில் ‘பெரும்பாலானவற்றை’ அகற்றிவிட்டோம் என்று நிறைவடைவதும் அதே அளவு ஆபத்தானது. சினையுற்ற ஒரே ஒரு பூனை எஞ்சியிருந்தாலும் செய்த வேலை முழுவதும் வீணாகும். கடைசிப் பூனையைக் கண்டுபிடிக்கப் பொறியும் கேமராவும் போதாமல் போகும்போது மணலில் தடம் படிக்கத் தெரிந்தவர்களே கைகொடுக்கிறார்கள். மத்திய ஆஸ்திரேலியாவின் நியூஹேவன் காப்பகத்தில் வேலிக்குள் இருந்த பூனைகளை அகற்றியதில் வார்ல்பிரி பழங்குடித் தடமறிவோருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த நிலத்தின் மக்களைத் திறப்பு விழாவுக்கு மட்டும் அழைக்கும் குழுக்கள் இந்த அறிவை இழக்கின்றன.

நரியும் பூனையும் போய்விட்டால் விலங்குகளைக் கொண்டுவந்து விட்டுவிடலாம் என்ற அவசரத்துக்கும் பாடங்கள் உண்டு. ஆரிட் ரிகவரியில் 2005-இல் சோதனையாக விடப்பட்ட, கறையான் தின்னும் சிறு விலங்குகளான நம்பட்டுகள் இரைகொல்லிப் பறவைகளிடம் தப்பவில்லை. 2007-இல் விடப்பட்ட, அடைப்பில் வளர்ந்த வோமா மலைப்பாம்புகள் நான்கே மாதத்துக்குள் எல்லாம் மடிந்தன. அவற்றை விழுங்கியது பெரும்பாலும் அந்த மண்ணுக்கே உரிய மல்கா பாம்பு. கான்பெராவின் மல்லிகன்ஸ் ஃபிளாட் சரணாலயத்தில் 2016-இல் சிறு பூனையளவுள்ள ஊனுண்ணிகளான கிழக்குக் குவோல்களை விட்டபோது சில வேலியேறி வெளியே போய் உயிரிழந்தன. உள்ளிருந்து வெளியேற முனையும் விலங்கை அந்த வேலி தடுக்காது. அடுத்த முறை, பையில் குட்டிகளைச் சுமந்த தாய்களையே தேர்ந்தெடுத்து விட்டார்கள். குட்டியுள்ள தாய் தொலைவு திரியாமல் வளை தேடித் தங்கிவிடுவதால் பிழைத்தவை கணிசமாகக் கூடின. எத்தனை விலங்குகளை விடுகிறோம் என்பதற்கு முன்னால் எவற்றை, எந்த நிலையில் விடுகிறோம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

தோல்வியைக் காட்டிலும் வெற்றியை எதிர்பாராததே பெரிய சிக்கலைக் கொண்டுவந்தது. ஆரிட் ரிகவரியில் 1999 முதல் விடப்பட்ட சில பத்து வளை பெட்டாங்குகள், தம்மை வேட்டையாட எதுவும் இல்லாத இடத்தில் ஆயிரக்கணக்கில் பெருகின. முயலளவே உள்ள இந்தப் பைம்மா (வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும்) விலங்குகள் செடிகொடிகளைக் கொறித்து மொட்டையடித்ததால், அதே வேலிக்குள் காக்கப்பட்ட பிற உயிரினங்களின் உணவும் மறைவிடமும் குறைந்தன. உள்ளிருந்து வெளியே போகலாம், திரும்ப முடியாது என்னும் ஒருவழிக் கதவுகளை வேலியில் பொருத்த வேண்டியதாயிற்று. வெளியே பூனைகள் இருக்கின்றன என்று தெரிந்தே ஓர் அரிய விலங்கை வெளியேற விடும் முடிவை, அதன் படத்தைக் காட்டி நிதி திரட்டிய குழு தன் உறுப்பினருக்கு விளக்குவது எளிதன்று. எண்ணிக்கை எவ்வளவு உயரும்போது என்ன செய்வது என்பதை முதல் விலங்கு வந்து இறங்கும் முன்பே பேசி எழுதி வைத்துக்கொண்டால் அந்த விளக்கம் சற்று இலகுவாகும்.

அளவுக்கு மீறிய பாதுகாப்பும் ஒரு தவறுதான். தலைமுறை தலைமுறையாக ஆபத்தைக் காணாத விலங்கு அஞ்சக் கற்பதில்லை. அது வேலிக்கு வெளியே என்றும் வாழ முடியாததாகிவிடும். 2014 முதல் ஆரிட் ரிகவரியின் ஒரு பகுதிக்குள் ஆராய்ச்சியாளர்கள் வேண்டுமென்றே மிகச் சில பூனைகளை அனுமதித்து, அவற்றோடு நீண்ட காதுகளுடைய சிறு பைம்மாக்களான பில்பிகளையும் பெட்டாங்குகளையும் வாழவிட்டனர். கேட்பதற்கு முரணாக இருந்தாலும், பூனையோடு வாழ்ந்து பழகிய பில்பிகள், பழகாதவற்றைவிடக் கூடுதல் எச்சரிக்கையோடு நடந்துகொண்டன. பூனைகள் திரியும் வேறோர் இடத்துக்கு மாற்றியபோது கூடுதலாகப் பிழைத்தன. பூனைகள் கூடிவிட்டால் விலங்குகள் கற்பதற்குள் மடிந்துவிடும் என்பதால், அன்றாடக் கண்காணிப்புக்கு ஆளும் பயிற்சியும் இல்லாத சிறு குழுக்கள் இதைப் பின்பற்றக் கூடாது. 2018-இல் அங்கே மேற்குக் குவோல்களும் கொண்டுவரப்பட்டன. அவை அந்த நிலப்பகுதியில் முன்பு வாழ்ந்த வேட்டை விலங்குகள் என்பதால், பெட்டாங்குகளுக்கு அச்சத்தைக் கற்பிப்பதோடு அவற்றின் பெருக்கத்தையும் ஓரளவு கட்டுப்படுத்தும் என்பது எதிர்பார்ப்பு.