கழுத்துக்குக் கரண்ட் வைத்தவருக்குத் தைராய்டு குறையுமா? ஸ்கேனை வைத்துக் கணிப்பது எப்படி

பாம்பன், மண்டபம் பக்கம் "கரண்ட் வைத்தாச்சு" என்றால் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்தது என்று அர்த்தம். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கழுத்தில் வைக்கும்போது நடுவில் இருக்கும் தைராய்டும் அடி வாங்குகிறது. சில மாதமோ சில வருடமோ கழித்துத்தான் அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை எல்லாம் தலைகாட்டும். வயசாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவோம். யாருக்கு வர வாய்ப்பு அதிகம் என்று ஓரளவு முன்பே சொல்லலாம். அதற்குப் புது ஸ்கேன்கூட வேண்டியதில்லை.

1. பழைய சி.டி. ஸ்கேனைக் கேளுங்கள். சிகிச்சை தொடங்கும் முன் முகத்துக்கு வலை மாஸ்க் போட்டு ஒரு சி.டி. எடுத்திருப்பார்கள். அதில் மூச்சுக்குழலின் இருபுறமும் வெள்ளையாகத் தெரிவது தைராய்டு. அயோடினைச் சேர்த்து வைப்பதால், டை (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) ஏற்றாத படத்திலும் அது பளிச்சென்று தெரியும்.

2. கனஅளவைப் போடுங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான். தைராய்டுக்கு இடம், வலம் என்று இரண்டு மடல்கள். ஒரு மடலின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 0.52 ஆல் பெருக்குங்கள். 4.5 × 1.8 × 1.5 × 0.52 = சுமார் 6.3 மி.லி. மறு மடலும் அதே அளவென்றால் மொத்தம் 12.6. பெரியவர்களுக்குப் பொதுவாக 10 முதல் 20 வரை இருக்கும். ஒரே அளவு கதிர் பட்டாலும் சின்னச் சுரப்பிக்குத்தான் ஆபத்து அதிகம், பிழைத்து வேலை செய்ய மிஞ்சும் செல்கள் அதில் குறைவு.

3. கதிரின் அளவு. தைராய்டு வாங்கிய சராசரி எத்தனை கிரே (கதிரை அளக்கும் அலகு), 45 கிரேக்கு மேல் வாங்கிய பகுதி எத்தனை சதவீதம் என்று சிகிச்சைத் திட்டத்தில் இருக்கும். அந்தப் பகுதி சுரப்பியில் பாதிக்கு மேல் என்றால் உஷார். சுரப்பியும் சிறியது, கதிரும் அதிகம் என்றால் இரட்டிப்பு உஷார்.

படத்தின் நுண்ணமைப்பைக் கணினி படித்துக் கணிக்கும் முறைகளும் உண்டு. அவை இன்னும் பெரும்பாலும் ஆய்வு மட்டத்தில்தான்.

"மீன் தின்கிற ஆளுக்குத் தைராய்டு வராது" என்று யாராவது சொல்வார்கள். இது அயோடின் பற்றாக்குறை இல்லை, கதிர் பட்ட காயம். மண்டபத்தில் பாசிக்குப் பஞ்சமில்லையே என்று கடல்பாசியைக் காய்ச்சிக் குடிக்கவும் வேண்டாம். அயோடின் அளவு மீறினாலும் தைராய்டு முடங்கும்.

4. டி.எஸ்.எச். பரிசோதனைக்கு நாள் குறியுங்கள். தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று காட்டுவது இதுதான். கழுத்துக்குக் கரண்ட் வைத்த எல்லோருக்கும் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை இந்த ரத்தப் பரிசோதனை வேண்டும். கணிப்பு மோசமென்றால் 6 மாதமே சரி. நன்றாக இருந்தாலும் விட்டுவிடக் கூடாது. இதற்காக மதுரைக்குப் பஸ் ஏற வேண்டாம், ராமநாதபுரத்திலேயே எடுத்து ரிப்போர்ட்டை மருத்துவரிடம் காட்டலாம். மாத்திரை வேண்டுமா என்பதை அவர் சொல்வார். அப்புறம், கனஅளவையும் கிரே கணக்கையும் ஃபைல் அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்த முறை வேறு டாக்டர் இருந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.